கல்லூரிப் படிப்பே இல்லாத புலிட்சர், இதழியலுக்கு ஒரு கல்லூரி கேட்டது ஏன்?

ரிப்போர்ட்டர் ஆகணும்னா ஜர்னலிசம் படிச்சே ஆகணுமா? பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. எழுதத் தெரிஞ்சா போதும், மிச்சத்தை வேலையில கத்துக்கலாம் என்பார்கள் சிலர். டிகிரி இல்லாம உள்ளேயே விட மாட்டாங்க என்பார்கள் வேறு சிலர்.

இந்த விவாதத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதை அன்று சூடாக்கியவர்களில் முக்கியமானவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காத ஒரு பத்திரிகை முதலாளி. பெயர் ஜோசப் புலிட்சர். ஆமாம், ஆண்டுதோறும் புலிட்சர் விருது என்று கேள்விப்படுகிறோமே, அவரேதான். விருது எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதழியலுக்கு ஒரு கல்லூரி தொடங்குங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்த கதைதான் பலருக்குத் தெரியாது.

யார் இந்த புலிட்சர்?

1847 ஏப்ரல் 10-ல் ஹங்கேரியில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு குடும்பம் நொடித்துப்போனது. ராணுவத்தில் சேரப் பார்த்தார். கண் பார்வை சரியில்லை, உடம்பிலும் வலு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். வடக்குப் படைக்காக ஐரோப்பாவிலேயே ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் 1864-ல், 17 வயதில், கப்பல் ஏறினார். ஆங்கிலம் சரியாக வராது.

போர் முடிந்ததும் கையில் காசில்லை. ஜெர்மன் மொழி பேசுபவர்கள் நிறைய பேர் வாழ்ந்த செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். கோவேறு கழுதைகளைப் பராமரித்தார், ஹோட்டலில் சர்வராக இருந்தார், கிடைத்த வேலையெல்லாம் செய்தார். மிச்ச நேரம் முழுக்க நூலகத்தில். ஆங்கிலமும் சட்டமும் அங்கே படித்தவைதான். அதே நூலகத்தின் செஸ் மேசையில் பழக்கமானவர்கள் மூலமாக, 1868-ல் ஒரு ஜெர்மன் மொழி நாளிதழில் நிருபர் வேலை கிடைத்தது.

பயிற்சி எதுவும் கிடையாது. ஓடி ஓடி வேலை செய்தார், நிறைய சண்டையும் போட்டார். நிருபராக இருந்துகொண்டே மிசௌரி மாநில சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1870-ல், தன் செய்தியால் கோபமான ஒரு ஒப்பந்ததாரருடன் வாக்குவாதம் முற்றி, அவரைக் காலில் சுட்டேவிட்டார். வழக்கு அபராதத்தோடு முடிந்தது. வேலையில கத்துக்கலாம் என்பதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

வேர்ல்டு: பெருமையும் கறையும்

1878-ல் ஏலத்துக்கு வந்த ஒரு செயின்ட் லூயிஸ் பத்திரிகையை 2,500 டாலருக்கு வாங்கினார். அது நல்ல லாபம் கொடுத்தது. 1883-ல் நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளிதழை 3,46,000 டாலருக்கு வாங்கினார். 20 ஆயிரத்தைச் சுற்றி இருந்த அதன் விற்பனை, சில ஆண்டுகளில் பல லட்சமானது.

என்ன செய்தார்? விலையைக் குறைவாக வைத்தார். புலம்பெயர்ந்த தொழிலாளிக்கும் புரிகிற எளிய ஆங்கிலம், பெரிய தலைப்பு, நிறைய படம். 1885-ல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. வேர்ல்டு வாசகர்களிடம் கேட்டது. கொடுத்தவர்களின் பெயர்களை அச்சிட்டது. சுமார் 1,20,000 பேர் சேர்ந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு.

1887-ல் நெல்லி ப்ளை என்ற இளம்பெண் நிருபர், மனநோயாளி போல நடித்து ஒரு மனநலக் காப்பகத்துக்குள் போனார். பத்து நாள் உள்ளே இருந்து, அங்கு நடந்த கொடுமைகளை வேர்ல்டில் எழுதினார். விசாரணை நடந்தது, காப்பகங்களுக்கான நிதியும் உயர்ந்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் சிக்கல். 1895-ல் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் நியூயார்க்கில் போட்டிக் கடை திறந்தார். புலிட்சரின் ஆட்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்தார். வேர்ல்டில் மஞ்சள் உடை போட்ட சிறுவனை வரைந்துகொண்டிருந்த கார்ட்டூனிஸ்ட்டும் போய்விட்டார். புலிட்சர் வேறு ஓவியரை வைத்து அதே சிறுவனைத் தொடர்ந்தார். இரண்டு பத்திரிகையிலும் ஒரே மஞ்சள் பையன்! நாம் இன்றும் சொல்லும் 'மஞ்சள் பத்திரிகை' என்ற சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1898 பிப்ரவரியில் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தது. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் என்னவென்று தெரியும் முன்பே, அன்று கியூபாவை ஆண்ட ஸ்பெயின் மீது சந்தேகம் விழும்படி இரண்டு பத்திரிகைகளும் செய்திகளைக் கொட்டின. ஏப்ரலில் போர் மூண்டது. போருக்கு இந்தப் பத்திரிகைகள்தான் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் உறுதியாகாத தகவலை உறுதியானது போல விற்ற கறை புலிட்சர் மேல் படிந்துவிட்டது. பிறகு வேர்ல்டை நிதானத்துக்குத் திருப்பினார்.

கல்லூரி யோசனை எப்போது வந்தது?

இந்தக் கறைக்குப் பரிகாரமாகத்தான் கல்லூரி கேட்டார் என்று சொன்னால் கதை கச்சிதமாக இருக்கும். தேதி ஒத்துவராது. ஏனென்றால் 1892-லேயே அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். பத்திரிகை வேலையெல்லாம் ஒரு பல்கலைக்கழகப் படிப்பா என்ற தயக்கம் அன்று பலருக்கும் இருந்தது. நிகோலஸ் முர்ரே பட்லர் தலைவராக வந்த பிறகு, 1903-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது.

உடனே கிண்டல் கிளம்பியது. நிருபர் பிறக்கிறார், அவரை உருவாக்க முடியாது. நியூஸ்ரூம்தான் பள்ளிக்கூடம் என்றார்கள் சக பத்திரிகைக்காரர்கள். 1904-ல் ஒரு நீண்ட கட்டுரையில் புலிட்சர் பதில் சொன்னார். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட பார்வையே இல்லை. சின்னச் சத்தத்தைக்கூடத் தாங்க முடியாத நோய் வேறு.

அவரது வாதத்தின் சாரம் இதுதான். வக்கீலுக்கும் டாக்டருக்கும் படிப்பு வேண்டும் என்றால், பொதுமக்களின் கருத்தையே பாதிக்கும் நிருபருக்கு ஏன் வேண்டாம்? நியூஸ்ரூமில் யாருக்கும் சொல்லித்தர நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அங்கே கற்பது தற்செயலாக நடப்பது.

சரி, எதைச் சொல்லித்தரச் சொன்னார்? சுருக்கெழுத்து, டைப்ரைட்டிங் அல்ல. சட்டம், வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல், அறிவியல், மொழிகள், எல்லாவற்றுக்கும் மேலாக அறம். ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட், விளம்பரம், விற்பனை போன்ற நிர்வாகப் பாடங்களையும் சேர்க்கும் திட்டம் கொடுத்திருந்தார். பத்திரிகை விற்றுக் கோடீஸ்வரரான புலிட்சர் அதை ஏற்கவில்லை. வியாபாரம் கற்றுத்தருவது இந்தக் கல்லூரியின் வேலை இல்லை என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

சட்டம் ஏன் முக்கியம் என்பதை அவர் வாழ்க்கையே காட்டியது. பனாமா கால்வாய் பேரம் பற்றி வேர்ல்டு 1908-ல் எழுதியதால், அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு அவதூறு வழக்கு போட்டது. மத்திய அரசுக்கு இப்படி வழக்கு போடும் அதிகாரம் இருக்கிறதா என்பதில் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1911 ஜனவரியில் வேர்ல்டு வென்றது.

கல்லூரியை அவர் பார்த்தாரா?

இல்லை. ஆலோசனைக் குழுவில் யார் யார் என்பதில் பட்லருடன் மோதல். கோபத்தில் திட்டத்தைத் தள்ளிவைத்தவர், தன் மரணத்துக்குப் பிறகே தொடங்கட்டும் என்றுவிட்டார். அதற்குள் 1908-ல் மிசௌரி பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு இதழியல் பள்ளியைத் திறந்தது. அதை நிறுவிய வால்டர் வில்லியம்ஸும் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்!

1911 அக்டோபர் 29-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், தன் சொகுசுப் படகிலேயே புலிட்சர் இறந்தார். உயிலில் கொலம்பியாவுக்கு 20 லட்சம் டாலர். அதில் கால் பங்கு விருதுகளுக்கும் உதவித்தொகைகளுக்கும். 1912 செப்டம்பர் 30-ல் வகுப்புகள் தொடங்கின. 1917-ல் முதல் புலிட்சர் விருதுகள் வழங்கப்பட்டன.

அப்ப, படிக்கணுமா வேண்டாமா? புலிட்சர், நெல்லி ப்ளை இருவருமே ஜர்னலிசம் டிகிரி இல்லாமல் வந்தவர்கள்தான். ஆனால் நூலகத்தில் தானாகப் படித்து மேலே வந்த புலிட்சரே, அந்தப் படிப்பை அடுத்தவர்களின் அதிர்ஷ்டத்துக்கு விடக் கூடாது என்று நினைத்தார். கோர்ஸ் தேர்ந்தெடுப்பவர்கள் கேமரா, ஸ்டுடியோவோடு சேர்த்து சிலபஸையும் ஒருமுறை பாருங்கள். சட்டமும் புள்ளியியலும் அறமும் அதில் எத்தனை வாரம் இருக்கின்றன? டிகிரி இல்லாமல் வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கும் அதே பட்டியல்தான். நியூஸ்ரூமில் உட்கார்ந்து சொல்லித்தர, இன்றைக்கும் யாருக்கும் நேரம் இல்லை.