வக்கீல் வேலையை விட்டுட்டு சிதம்பரம் வந்தார்... பன்மொழிப் புலவர் தெ.பொ.மீ.யின் கதை!

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் சும்மா நின்று கேளுங்கள். சிதம்பரம் போகிற பஸ்ஸை வயதானவர்கள் பலரும் 'சிலம்பரம் பஸ்ஸு' என்றுதான் விசாரிப்பார்கள். கடலூரையே 'கூடலூர்' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே உச்சரிப்பில் 'சிலம்பரம்' என்று என் போனின் வாய்ஸ் டைப்பிங்கில் சொல்லிப் பார்த்தேன். மூணு தடவையும் வேற என்னமோ டைப் பண்ணுச்சு.

போன் மட்டுமில்லை, ஸ்கூல்லயும் நம்மகிட்ட அதைத் தப்புன்னுதான் சொல்லியிருப்பாங்க. 'கொச்சைத் தமிழ்' என்று ஒரு முத்திரை வேறு. ஆனால், அது தப்பு இல்லை, ஆராய வேண்டிய விஷயம் என்று சொல்லும் படிப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மொழியியல். இன்று கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு அடிப்படையே இதுதான். அந்தப் படிப்பை சிதம்பரத்தில் வேரூன்ற வைத்தவர்களில் முக்கியமானவர், கறுப்புக் கோட்டு போட்ட ஒரு வக்கீல்.

தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். சுருக்கமா தெ.பொ.மீ. 1901 ஜனவரி 8-ம் தேதி சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் படிப்பு, பிறகு சட்டம், வக்கீல் தொழில். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். இந்தப் பரபரப்புக்கு நடுவில் தமிழ் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் முறையாகப் படித்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் முடிஞ்சு வந்து ஆன்லைன் கோர்ஸ் படிக்கிற நம்ம ஃப்ரெண்ட்ஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். என்ன, இவர் கோர்ஸைப் பாதியில் விடலை!

1944-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது 43. கையில் தொழில், சென்னையில் செல்வாக்கு. எல்லாவற்றையும் வைத்துவிட்டு, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே வயல்களை ஒட்டியிருந்த அண்ணாமலை நகருக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்கே அப்போது 15 வயதுதான். இரண்டு வருஷம் இருந்துவிட்டு சென்னைக்குத் திரும்பினார்.

ஆனா, கதையோட முக்கியமான பகுதி செகண்ட் இன்னிங்ஸ்லதான் வருது. 1954-ல் இருந்து புனே டெக்கான் கல்லூரி, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு மொழியியல் பயிற்சி முகாம்களை நடத்த ஆரம்பித்திருந்தது. இந்தியா முழுக்க மொழிப் பேராசிரியர்கள் புதிய கண்ணோட்டத்தில் மொழியைப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. 1958-ல் தெ.பொ.மீ. மறுபடியும் சிதம்பரம் வந்தபோது, தமிழோடு மொழியியலும் அவர் பொறுப்பில் வந்தது. வயது 57. மற்றவர்கள் ரிட்டயர்மென்ட்டை எண்ணிக்கொண்டிருக்கும் நேரம்.

அந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கு? ஒரு சின்ன டெஸ்ட். 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றையும் சத்தமாகச் சொல்லுங்கள். எழுத்தில் எல்லாமே 'க' வரிசைதான். வாயில் மூன்று விதமாக வருகிறது இல்லையா? நாம கவனிக்கவே மாட்டோம். ஏன்னா, அந்த வித்தியாசத்தால் அர்த்தம் மாறுவதில்லை. ஆனால் 'பல்', 'பால்' என்று உயிரை நீட்டினால் அர்த்தமே வேறு. இப்படி அர்த்தத்தை மாற்றுகிற ஒலிகளைத்தான் மொழியியலில் 'ஒலியன்' என்கிறார்கள். உங்கள் போன் ஒரு தமிழ்ச் செய்தியை வாசித்துக் காட்ட வேண்டுமானால், எந்த 'க'வை எங்கே எப்படிச் சொல்வது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

தெ.பொ.மீ.யின் பலம், இந்தப் புது முறையையும் தொல்காப்பியத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தது. ஒலிகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியம் ஏற்கெனவே பேசியிருக்கிறதே! மரபையும் விடாமல், மேற்கத்திய முறைக்கும் கதவைச் சாத்தாமல் நின்றார்.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 1956 முதல் தேவநேயப் பாவாணரும் இருந்தார். சொற்களின் வேர் தேடுவதில் பெரும் உழைப்பாளி. தமிழே உலகின் முதல் தாய்மொழி என்பது அவருடைய உறுதியான முடிவு. மொழியியல்காரர்கள் அதற்குச் சான்று கேட்டார்கள். 1961-ல் பாவாணர் கசப்போடுதான் சிதம்பரத்தை விட்டு வெளியேறினார். இரண்டு தரப்புக்கும் இன்றுவரை ஆதரவாளர்கள் உண்டு. என்னைக் கேட்டா, மனசு பாவாணர் பக்கம், மூளை தெ.பொ.மீ. பக்கம்.

அதற்குப் பிறகு எல்லாமே வேகம்தான். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகத் தமிழ் கற்பித்தார். 1960-களின் முதல் பாதியில் அண்ணாமலையின் மொழியியல் துறையை உயராய்வு மையமாக யுஜிசி அங்கீகரித்தது. அப்போது அந்த அந்தஸ்து பெற்ற இன்னொரு மொழியியல் மையம், புனே டெக்கான் கல்லூரிதான். 1965-ல் தெ.பொ.மீ.யின் தமிழ் மொழி வரலாறு ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. குகைக் கல்வெட்டில் கீறிய தமிழில் தொடங்கி, சங்க காலம், பல்லவர், சோழர் காலம் என்று நம் மொழி எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று காட்டும் புத்தகம் அது. அதைப் படித்த பிறகு, 'சுத்தமான தமிழ் எது'ங்கிற கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்றது கஷ்டம்.

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தரானார். 65 வயதில், பூஜ்யத்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம்! 1980-ல் மறைந்தார். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரும் முன்பே, அதில் தமிழ் எழுத்து தெரியும் முன்பே போய்விட்டார்.

சிதம்பரத்தில் அவருக்குப் பின்னால் வந்த தலைமுறை, பேச்சுத் தமிழையும் வட்டார வழக்குகளையும் பழங்குடி மக்களின் மொழிகளையும் பதிவு செய்துகொண்டே போனது. 'சிலம்பரம்' மட்டும் என் போனுக்கு இன்னும் புரியலை. நேத்துகூட ட்ரை பண்ணேன்.