ராஜாஜியும் நின்றுபோன டிராமும்

சேலம் ஜங்ஷனில் இறங்கி, வீட்டுக்கு வர ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாதவர் நம் குடியிருப்பில் இருக்க மாட்டார். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை, ஊருக்குள் நுழையாமல் சூரமங்கலத்தோடு ஒதுங்கிப் போனதன் பலனை நாம் இன்னும் அனுபவிக்கிறோம்.

அமெரிக்க நகரங்களில் ரயிலடிக்கும் வீதிகளுக்கும் நடுவே இருந்த தூரத்தை டிராம்தான் அடைத்தது. 1888ல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் நன்றாக ஓடிக் காட்டியதும் மற்ற ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு தண்டவாளம் பதித்தன. தமிழகத்தில் அந்த வசதி சென்னைக்கு மட்டுமே வாய்த்தது. கடைசியில் சென்னை டிராம் நின்றபோது முதலமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? நம் சேலத்து வக்கீல் ராஜாஜி!

அவர் பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில். அன்றைக்கு அதுவும் சேலம் ஜில்லாதான். பெங்களூரில் படித்துவிட்டு, சட்டம் படிக்கச் சென்னை போனபோது அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கி (1895) சில வருஷங்களே ஆகியிருந்தன. லண்டன் தெருக்களில்கூட அப்போது மின்சார டிராம் கிடையாது. முதலில் மின்கம்பியைத் தரைக்கடியில்தான் கொண்டுபோனார்கள். நம்ம ஊர் மழை அதற்கு ஒத்துவரவில்லை. பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள்.

1900ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நல்ல வருமானம். மனைவி இளவயதிலேயே இறந்துவிட, ஐந்து குழந்தைகளோடு தனியாக நின்றார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். குழாய், சாக்கடை, தெருவிளக்கு, வரி பாக்கி என்று நம் சங்கக் கூட்டத்தில் அடிபடும் அத்தனை விஷயங்களும் அவர் மேஜைக்கும் வந்தவைதான். கணக்கில் அவர் காட்டிய கறாருக்கு அங்கேதான் பயிற்சி கிடைத்தது என்பது என் எண்ணம்.

காந்தியைச் சந்தித்தபின் தொழிலை விட்டார், சிறை சென்றார். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் குழந்தைகளோடு அங்கே குடியேறினார். ரயில் பிடிக்க வேண்டுமென்றால் சங்ககிரிக்குப் போக வேண்டும். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று கிராமம் கிராமமாக அலைந்தார். 1930ல் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு ரயிலேறாமல் நடந்தே போனார்.

1937ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். கள்ளுக்கடை வருமானம் போயிற்றே, கஜானாவுக்கு என்ன வழி? 1939ல் விற்பனை வரி வந்தது. இன்று நீங்கள் வாங்கும் சாமானுக்கெல்லாம் கட்டுகிற வரிக்கு அதுதான் முன்னோடி.

சுதந்திரத்துக்குப் பின் கவர்னர் ஜெனரலாக டெல்லியில் இருந்தவர், 1952ல் மறுபடியும் சென்னையில் முதலமைச்சராக வந்தார். உணவு ரேஷனை எடுத்ததில் பெரிய பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம்தான் டிராம் பிரச்சினை. ஒரு காலத்தில் 97 வண்டிகளும் 24 கிலோமீட்டர் பாதையுமாக ஓகோவென்றிருந்த தனியார் கம்பெனி அது. 1947 முதல் அரசாங்க பஸ்ஸும் அதே ஊரில் ஓட, கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. அரசு அதை எடுத்து நடத்தவில்லை. 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. டிரைவர்கள், கண்டக்டர்கள், பணிமனை ஆட்கள் எல்லோருடைய பிழைப்பும் அதோடு போயிற்று.

நஷ்டத்தில் ஓடும் கம்பெனியை மக்கள் பணத்தில் தூக்கி நிறுத்தக் கூடாது என்று வாதிடலாம். பிற்காலத்தில், 1959ல், சுதந்திராக் கட்சி தொடங்கி லைசென்ஸ், பெர்மிட் ஆட்சியை எதிர்த்த ராஜாஜிக்கு அது பொருந்தும் வாதமும்கூட. ஆனால் பஸ் விடத் தெரிந்த அரசுக்கு டிராம் விடத் தெரியாதா? ஏழைகள் ஏறிய வண்டி அது. எனக்கு இந்த இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஏறாத நஷ்டமும் உண்டல்லவா?

அதே வருஷம் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துக் கிளம்பிய புயலில் டிராமை ஊர் மறந்தது. 1954ல் அவரும் பதவி விலகினார்.

நியாயமாகச் சொன்னால், அன்று உலகமே டிராமைக் கைகழுவிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1963ல் கடைசி வண்டி நின்றது. 1990ல் அதே ஊர் கோடிக்கணக்கில் கொட்டி மறுபடியும் தண்டவாளம் போட்டது. சென்னைக்கு 2015ல் மெட்ரோ வந்தது.

ராஜாஜி 1972 டிசம்பர் 25ல் காலமானார். சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓட 2013 ஆயிற்று. திருச்செங்கோட்டு ஊருக்குள் இன்னும் ரயில் வரவில்லை. புதுப்பாளையம் ஆசிரமத்தைப் பார்க்க விரும்பினால் பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும்.