வேலையையே மருந்தாக்கிய அம்மையார்

நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். வேளைக்கு மருந்து உண்ண வேண்டும். பிறர் பணிவிடை செய்ய வேண்டும். நம்மில் பலரது எண்ணம் இதுவே. ஆனால் நோயாளியின் கைக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதும் மருத்துவமே என்று செய்து காட்டியவர் டாக்டர் எலிசபெத் காசன். ‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைக்குப் பிரிட்டனில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்த பெருமை இவருக்கே உரியது.

அம்மையார் 1881ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் டென்பி நகரில் பிறந்தார். இளமையில் அவர் மருத்துவம் பயிலவில்லை. 1908இல் லண்டனின் சதர்க் பகுதியில், ஆக்டேவியா ஹில் அம்மையார் ஏழைகளுக்காக நடத்திய குடியிருப்புப் பணியில் சேர்ந்தார். ஏழைகளின் துன்பத்தை நாளும் அருகிருந்து கண்டார். 1913இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 32! தம்மினும் மிக இளையோருடன் அமர்ந்து படிக்க அவர் நாணவில்லை. 1919இல் பட்டம் பெற்றார்.

பின்னர் மனநோயாளிகளிடையே பணி புரிந்தார். வேலையின்றிச் சோர்ந்து கிடந்த பெண்களின் நிலை அவரை வருத்தியது. ஒருநாள் காலை விடுதிக்குள் நுழைந்தவருக்கு வியப்புக் காத்திருந்தது. செவிலியர் கிறிஸ்துமஸ் அலங்காரத்திற்காக வண்ணத்தாளும் வெறுங்கிளைகளும் கொடுத்திருந்தனர். நேற்றுவரை வாடியிருந்த பெண்கள் கூடியமர்ந்து மகிழ்ச்சியோடு பூக்கள் செய்துகொண்டிருந்தனர். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஆயினும் கையில் தாளைக் கொடுத்தால் மட்டும் போதுமா? எவருக்கு எவ்வேலை, எவ்வளவு நேரம், எதன்பொருட்டு என்று அறிந்து கொடுப்பவர் வேண்டுமல்லவா? 1926இல் அமெரிக்கா சென்று, அங்கே இச்சிகிச்சை நடைபெறும் முறையை நேரில் கண்டார். நாடகக் கலைஞரான தம் தமையனார் லூயிஸ் காசனின் பொருளுதவியுடன் 1929இல் பிரிஸ்டலில் ‘டார்செட் ஹவுஸ்’ மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். 1930ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அங்கேயே பயிற்சிப் பள்ளி மலர்ந்தது. அமெரிக்காவில் பயின்று வந்த கான்ஸ்டன்ஸ் டெபிட் அதன் முதல்வரானார். மாணவியர் கைத்தொழிலோடு மருத்துவ அறிவும் பெற்றனர். நோயாளிகளிடையே இருந்தே பயின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிஸ்டல் நகர் மீது குண்டுகள் விழுந்தன. பள்ளி மூடப்படவில்லை, 1941இல் பிராம்ஸ்குரோவுக்கும், 1946இல் ஆக்ஸ்போர்டுக்கும் இடம் பெயர்ந்தது. போரில் உறுப்பிழந்தோரும் ஊனமுற்றோரும் மீண்டும் தம் கையால் உண்ணவும் உடுக்கவும் உழைக்கவும் துணைநிற்போர் மிகுதியாகத் தேவைப்பட்ட காலம் அது.

1954 டிசம்பரில் அம்மையார் மறைந்தார். அவர் நட்ட கன்று இன்று ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளையாய்த் தழைத்து நிற்கிறது.

மாணவத் தோழர்களே! கற்கத் தொடங்குவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று கலங்குவோர்க்கு அம்மையாரின் வாழ்வு ஒரு விடை. கைத்தொழிலைப் படிப்புக்குக் கீழானதாக எண்ணுவோர்க்கும் அதுவே விடை. நோயுற்ற ஒருவர் பிறர் உதவியின்றித் தம் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்ளும்போது அடையும் மகிழ்ச்சிக்குப் பின்னால், யாரோ ஒருவரின் பல்லாண்டுப் படிப்பு இருக்கிறது.