திண்டிவனத்தில் ஓர் இரவு

என் பாட்டியைப் பெற்ற தாயின் முகம் எப்படி இருக்கும் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. பாட்டியைப் பெற்ற ஏழாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டு அவர் மறைந்தாராம். பேய் அடித்துவிட்டது என்று ஊரார் சொன்னார்களாம். டாக்டரை ஏன் அழைக்கவில்லை என்று சிறுவயதில் நான் கேட்டேன். ஆம்பிளை டாக்டரை எப்படி உள்ளே விடுவது என்று பாட்டி வெகு இயல்பாகத் திருப்பிக் கேட்டார். பல ஆண்டுகள் என்னைத் தொடர்ந்த அந்தக் கேள்விதான், டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைப் படிக்க என்னைத் தூண்டியது.

நண்பர்களே, ஐடா என்றதும் வேலூரே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் அந்த வேலூருக்கு வித்து விழுந்தது நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணில்! 1993இல் மாவட்டம் பிரியும் வரை திண்டிவனத்துக்குத் தலைநகரம் நம் கடலூர்தானே?

1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மருத்துவ ஊழியர்கள். பஞ்சத்தையும் பட்டினியையும் குழந்தைப் பருவத்திலேயே கண்ட அவருக்கு இந்நாட்டில் தங்கும் எண்ணம் சிறிதும் இல்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே சுகமாக வாழ விரும்பினார். தாயாரின் உடல்நலக் குறைவு காரணமாகவே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கேதான் அந்த இரவு வந்தது. பிரசவ வேதனையில் துடிக்கும் இளம் மனைவிக்கு உதவி கேட்டு ஒரு பிராமண இளைஞர் வாயிலில் நின்றார். ஐடா மருத்துவம் படித்தவர் அல்லர், தந்தையார் மருத்துவர். அவரை அனுப்புவதாகச் சொன்னபோது, அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்று கூறி இளைஞர் திரும்பிவிட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் அன்பர், பின்னர் வேறொரு வகுப்பைச் சேர்ந்த இந்து ஒருவர். மூவருக்கும் ஒரே தேவை, ஒரே மறுப்பு. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சர்களாகக் காட்டுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நள்ளிரவில் அயல்நாட்டார் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் மனைவியின் உயிரை விரும்பாதவர்களா? அவர்கள் ஏற்கத்தக்க உதவி அந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான். ஐடா இதைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். வழக்கத்தை வைதுகொண்டிராமல், பெண் மருத்துவராவது என்று முடிவு செய்தார்.

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே வேலூர் திரும்பினார். அதே 1900இல் தந்தையாரும் காலமானார். வீட்டின் ஓர் அறையே மருத்துவமனை. வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமியே முதல் துணை. 1902இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

கட்டடம் எழுந்தால் போதுமா? கிராமத்துப் பெண் வேலூர் வரை வரவேண்டுமே! ஐடா தாமே புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி, பின்னர் பெஷோ மோட்டார் வண்டி. குடியாத்தம் சாலை நெடுகிலும் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருந்தனர். அங்கே ஒளிவுமறைவு கிடையாது. மருத்துவர் செய்வதை மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நின்று பார்த்தனர். மூடிய அறையில் பிறக்காத நம்பிக்கை மரத்தடியில் பிறந்தது என்பேன்.

பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலைக் கைகளைக் கழுவுவதன் மூலம் பெரிதும் குறைக்கலாம் என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847இலேயே காட்டியிருந்தார். அந்தச் செய்தி நம் கிராமத்து மருத்துவச்சிக்கு யார் வழியாக வந்து சேர்வது? தொப்புள்கொடியை அறுத்த அழுக்குக் கத்தியால் எத்தனை பச்சிளங்குழந்தைகள் இசிவு கண்டு மாண்டனவோ! தாம் ஒருவர் போதாது என்று கண்ட ஐடா, 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இந்தியப் பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா என்று ஐயுற்றோர் வியக்கும்படி விண்ணப்பங்கள் குவிந்தன. 1942இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாயிற்று, 1947இல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த ஐடா, 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார்.

அவர் வண்டி ஓடிய அதே குடியாத்தம் சாலையில், கே.வி.குப்பத்தில், 1977இல் வேலூர்க் கல்லூரி ஓர் ஊரக நலத்திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்களையும் மருத்துவச்சிகளையும் பகைக்காமல், அவர்களுக்கே பயிற்சி தந்து கர்ப்பிணிகளைக் கவனிக்கச் செய்த முறை அது. சலோமியின் வழித்தோன்றல்கள் என்று அவர்களை நான் எண்ணிக்கொள்வதுண்டு.

சென்ற ஆண்டு செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்கு அருகில் சமுதாய வளைகாப்பு நடந்தது. என் அண்ணியும் அதில் அமர்ந்திருந்தார். அரசு தந்த கண்ணாடி வளையல்களோடு இரும்புச்சத்து மாத்திரை பற்றியும், பிரசவத்துக்குப் பின் எத்தனை நாளில் மறுபடி பரிசோதனை என்பது பற்றியும் செவிலியர் விளக்கினார். அடுத்த வாரமே, அண்ணி மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பாட்டி அட்டையை வாங்கி எண்ணத் தொடங்கினார். குழந்தை பிறந்த ஏழாம் நாள் மட்டும் பாட்டி காலையிலிருந்தே அண்ணியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மாலை நான்கு மணி.