தந்தை செல்வாவும் எங்கள் பெர்மிற் காணியும்

உருத்திரபுரத்தில் எங்களுடையது இரணைமடுத் தண்ணீரை நம்பிய குடியேற்றக் காணி. அப்பாவின் பெர்மிற் 2009 இல் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. நகல் கேட்டு ஒவ்வொரு கந்தோராக அலைந்த நாட்களில்தான் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் வாழ்க்கையை மறுபடி படித்தேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவருக்கு மாலை போடுகிறோம். அவர் என்ன கேட்டார் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். ஆசிரியராக இருந்து சட்டத்தரணியானார். 1947 இல் காங்கேசன்துறையில் வென்றார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 இல் தோற்று 1956 இல் திரும்பி வந்தார். மெல்லிய குரல்; பிற்காலத்தில் காதும் மந்தம், கையிலும் நடுக்கம். மேடையில் முழங்கும் ஆளே இல்லை.

அவருடைய சட்டத்தரணி மூளை தெரிவது 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்கவுடன் செய்த ஒப்பந்தத்தில்தான். விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம், மீன்பிடி, நீர் வழங்கல், வீதி எல்லாம் மக்கள் தெரிவுசெய்யும் பிரதேச சபைக்கு. வடக்கு முழுவதற்கும் ஒரே சபை, கிழக்கில் இரண்டு அல்லது கூட. பாராளுமன்றம் ஒப்புக்கொண்டால், மாகாண எல்லை தாண்டியும் சபைகள் ஒன்றிணையலாம். குடியேற்றத் திட்டத்தில் காணி யாருக்கு என்பதையும், அங்கே வேலைக்கு யார் என்பதையும் சபையே தீர்மானிக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு உயிரான வரி அதுதான்.

1958 ஏப்ரலில், பிக்குகள் பிரதமரின் வீட்டு முன்றலில் குந்தியிருக்க, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24 இல் டட்லியுடன் இன்னொன்று. இம்முறை மாவட்ட சபைகள் மட்டும். அதற்காகவே மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். 1968 இல் அதுவும் கைவிடப்பட்டது. மாகாணத்திலிருந்து மாவட்டத்துக்கு இறங்கிவிட்டார் என்று அவரைக் குறை சொல்வோர் உண்டு. இறங்கினார்தான். ஆனால் காணி விடயத்தை இரண்டு தடவையும் எழுத்தில் வைத்தார். அது எனக்குச் சின்ன விடயமாகத் தெரியவில்லை.

1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரல் 26 இல் அவர் காலமானார்.

1987 சட்டத்தால் வந்த இன்றைய பிரதேச சபைக்கு அவர் கேட்ட சபையின் பெயர் மட்டும்தான். தெருவிளக்கு, சந்தை, உள்வீதி அதன் கையில், காணி இல்லை. பெர்மிற் நகலுக்கு வேறு கந்தோருக்குத்தான் போகவேண்டும். வருகிற கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.