டாக்டர் சுப்பாராவ்: காசிக்கு ஓடிய சிறுவன் கண்ட மருந்து

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பூநாரைகளையும் டச்சுக்காரர் கல்லறைகளையும் பார்த்துவிட்டுப் பட்டணத்துக்காரர்கள் மாலையில் வண்டி ஏறிவிடுவார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள மணல் திட்டுகளில் மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆண்கள் முறை வைத்துப் பாடு இறங்கி வலை கட்டுகிறார்கள். இடுப்பளவு நீரில் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் உண்டு.

இந்தப் பெண்களில் ஒருத்தி கர்ப்பமானால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அவளிடம் சிவப்பு மாத்திரைகளைக் கொடுக்கிறார். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து. கூடவே 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம். ஒரு கிராமை 2,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு! இந்தத் துளியை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர், இதே வங்கக் கடற்கரையில், வடக்கே கோதாவரிப் பாசன நாட்டில் பிறந்த ஒரு டாக்டர். சென்னையிலே படித்தவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

1895 ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் அவர் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். வீட்டில் ஏழு குழந்தைகள். தகப்பனார் உடல்நலம் கெட்டு வேலையை விட்டு நின்றவர். வறுமை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

13 வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்க வேண்டும் என்பது பையனின் திட்டம்! பாதி வழியில் பிடித்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். படிப்பிலும் அவர் புலியல்ல. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தாயார் வெங்கம்மா நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது அவருக்குத் துறவு ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்துக்குப் போய் நின்றார். தாயின் சம்மதம் வேண்டும் என்றார்கள் மடத்தார்; தாயோ மறுத்துவிட்டார். வைத்தியம் படித்தால் அதுவும் தொண்டுதானே என்ற யோசனை பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் கேட்கத் தொடங்கிய காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்துக்கே கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கைக்கு வந்தது. அரசாங்க வைத்திய இலாகாவின் கதவு அடைபட்டது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுக்கும் வேலையில் அமர்ந்தார்.

இதற்கிடையே வீட்டில் ஒரு பேரிடி. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. தின்ற சோறு உடம்பில் ஒட்டாது, ஓயாத பேதி, இரத்தம் வற்றி, மனிதன் எலும்பும் தோலுமாகிவிடுவான். சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. லட்சுமிபதியின் மருந்தில் அவர் பிழைத்தார். அந்த நோய்க்குக் காரணம் என்ன என்று சொல்ல, தாம் படித்த மேல்நாட்டு வைத்திய நூல்களில் ஒரு வரி இல்லை என்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும். பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த உறுத்தலின் தடத்திலேயே போகிறது.

பாஸ்டனில் இரவு வேலை

1919இல் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சேஷகிரி. மாமனார் கொடுத்த பணமும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தின் உதவியும் கப்பல் ஏற்றிவிட்டன. மூன்றே வருஷத்தில் திரும்பி வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர், 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரில் இறங்கினார். ஹார்வர்டில் வெப்பநாட்டு வைத்தியப் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு வேலை: நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்வது. டாக்டர் பட்டத்துடன் போனவர் முகம் சுளிக்காமல் அதைச் செய்தார்.

ஊரில் ஆண் குழந்தை பிறந்தது. ஓராண்டு நிறையுமுன் இறந்தும் போயிற்று. தகப்பன் அதன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பிறகு சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரிடம் உயிர் இரசாயனப் பிரிவில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். உலகத்து ஆய்வுக்கூடங்களெல்லாம் அதைக் கைக்கொண்டன. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையைச் சோதித்தபோது 1927இல் பாஸ்போகிரியேட்டின் அகப்பட்டது, 1929இல் ஏ.டி.பி. தசை இயங்குவது லாக்டிக் அமிலத்தால் என்ற கொள்கை 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றது. சுப்பாராவின் சோதனை அதை ஆட்டிவிட்டது.

ஏ.டி.பி.யை உடம்பின் சில்லறைக் காசு எனலாம். நாம் உண்ணும் சோறும் மீனும் கடைசியில் இந்தக் காசாக மாறியே செலவாகின்றன. உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை இதில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அவர் பாஸ்டனில் இறங்கிய ஆண்டில் டாக்டர்கள் மத்தியில் இன்சுலினைப் பற்றியே பேச்சு. டொராண்டோவில் அப்போதுதான் அதை முதன்முதலாக நோயாளிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அந்த இன்சுலின் உயிரணுவின் வாசலில் வந்து தட்டும்போது, ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்று மாறுவதால்தான் சேதி உள்ளே போகிறது என்பது வெகு காலத்துக்குப் பின் தெரிந்தது. 1978இல் எலியின் மூளையிலும் அத்தகைய வாசல்கள் இருப்பதைக் கண்டார்கள். மூளையில் இன்சுலின் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி அதன்பின் சூடு பிடித்தது. அதில் ஈடுபட்டவர்களும் சுப்பாராவ் கண்ட பொருளைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

இத்தனை செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. பிஸ்க் பொறாமையால் அவருடைய சில கண்டுபிடிப்புகளை வெளியிட விடவில்லை என்று, உடன் பணியாற்றிய ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். ஹிச்சிங்ஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்; அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது.

கீரையும் ஈரலும்

1940இல் நியூயார்க்குக்கு அருகே பேர்ல் ரிவர் என்ற இடத்தில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தேடியது ஈரலுக்குள் ஒளிந்திருந்த ஒரு சத்து. சோகை நோயாளிகளுக்கு ஈரல் கொடுத்தால் இரத்தம் ஊறியது. ஈரலில் எது அந்த வேலையைச் செய்கிறது?

இந்தக் கதையில் பம்பாய்க்கும் ஒரு பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மாள் 1928இல் அங்கே வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் சோகையால் சாவதைக் கண்டார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தார், பெண்கள் தேறினார்கள். 1931இல் இதை வெளியிட்டார். என்ன சத்து என்று மட்டும் புலப்படவில்லை. மறுபுறம், பாலைப் புளிக்க வைக்கும் சில நுண்ணுயிர்கள் ஏதோ ஒரு வளர்ச்சிப் பொருள் இல்லாமல் பெருகுவதில்லை என்று வேறு சிலர் கண்டார்கள். 1941இல் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அதைப் பிரித்தவர்கள், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் ஒரே குடும்பத்துப் பொருள்தான்.

1945இல் சுப்பாராவின் கூட்டத்தார் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். டாக்டர் டாம் ஸ்பைஸ் அதைக் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். படுத்துக் கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார்கள். பீமவரத்து வீட்டில் இரண்டு உயிர்களைக் கொண்டுபோன அதே நோய்! மருந்து வந்து சேர்ந்தபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

அவர் எண்ணியது முழுதும் கைகூடவில்லை. மாரகச் சோகை என்ற கொடிய வகையில் போலிக் அமிலம் இரத்தத்தைச் சரி செய்தது. நரம்பும் மூளையும் கெடுவதை நிறுத்தவில்லை. அதற்குரிய பி-12 வைட்டமினை 1948இல் வேறு கம்பெனிக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். பல ஆண்டு துரத்திய மான் பக்கத்து வீட்டுக்காரன் வலையில் விழுந்தது.

ஆனாலும் போலிக் அமிலத்தின் கிளைகள் எங்கெங்கோ ஓடின. அதை ஒத்த உருவில் எதிர்மாறாக வேலை செய்யும் அமினோப்டெரின் என்ற பொருளையும் லெடர்லியில் செய்தார்கள். பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் அதை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். முதன்முறையாக அந்த நோய், சில காலமே என்றாலும், பின்வாங்கியது. யானைக்கால் நோய்க்கான டி.ஈ.சி. மருந்து 1947இல் வந்ததும் சுப்பாராவின் கூடத்திலிருந்துதான். தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அதே யானைக்கால் மாத்திரை. ஆரியோமைசினும் அவர் மேற்பார்வையில் பிறந்ததே.

1948 ஆகஸ்டில், ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், மாரடைப்பால் படுக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று 1946இல் சட்டம் மாறிய பிறகும் அவர் அதைப் பெறவில்லை. தாய்நாட்டுக்கும் திரும்பவில்லை. மூன்று வருஷம் என்று சொல்லிப் போனவருக்காக சேஷகிரி 26 வருஷம் காத்திருந்தார். இந்தியத் தபால் இலாகா அவருக்கு முத்திரை வெளியிட்டது 1995இல், நூற்றாண்டின்போது.

28 நாள் கணக்கு

அவர் கண்ணை மூடி வெகு காலம் சென்ற பிறகு போலிக் அமிலம் இன்னொரு வேலையும் செய்வது தெரிந்தது. கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான ஏடாகத்தான் தோன்றுகின்றன. அந்த ஏடு சுருண்டு குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். உயிரணுக்கள் மளமளவென்று பெருகும் அந்த நேரத்தில் போலிக் அமிலம் குறைந்தால் குழாய் மூடாமல் போகலாம். குழந்தை மண்டையோடு வளராமலோ, முதுகுத் தண்டு திறந்தபடியோ பிறக்கும். ஏற்கெனவே அப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்களைக் கொண்டு ஏழு நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1991இல் வந்தது. கருத்தரிக்கு முன்பிருந்தே இச்சத்து கொடுத்தால், வரக்கூடிய கேட்டில் பத்தில் ஏழு பங்கு விலகிவிடுகிறது.

இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுக்கும் திட்டம் 1970இல் தொடங்கியது. பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இது மிகவும் வேண்டிய சத்து. மீனில் எத்தனையோ நல்ல சத்து உண்டு. போலிக் அமிலம் மட்டும் சொற்பம். அது இருப்பது கீரையிலும் பயறு வகைகளிலும். உப்புக் காற்றடிக்கும் மணல் திட்டில் கீரைப் பாத்தி போடுவது எளிதா?

மாத்திரை கைக்கு வந்தும் ஒரு சங்கடம் இருக்கிறது. கருத்தரித்த 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காரியம் முடிந்துவிடும். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ அவள் பெயரைப் பதிந்துகொள்ளும்போது கொடுக்கும் மாத்திரை இரத்தத்துக்கு உதவும்; மூளைக் குழாய்க்கு உதவாது. அதனால்தான், குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண் ஒரு மாதம் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் சாப்பிட்டு வர வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். புதிதாகக் கல்யாணமாகிக் குப்பத்துக்கு வரும் பெண்ணிடம் யாராவது போய் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.