வழி கண்டவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்று யூனியன் செயலாளரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். போய்க் கேட்டால் காமராஜர், கலாம், ராமானுஜன் எல்லாரையும் மற்றவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியவர் ஒரு நெதர்லாந்துக்காரர். மிஞ்சியவர் என்று சொன்னது சும்மா. இவருக்கு நான் ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கண்டனூர். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருஷம் இரண்டு அரியர் விழுந்ததும், பையனை அனுப்பி வை, பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்று திருப்பூர் சித்தப்பா போன் மேல் போன் போட்டார். அப்பா பதிலே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் லேப் வந்தது. வரிசையாக மூன்று ரவுட்டர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நெட்வொர்க். எந்த நெட்வொர்க்குக்குப் போக அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற விவரத்தைக் கமாண்ட் லைனில் நாமே வரி வரியாக அடித்து ரூட்டிங் டேபிளில் ஏற்ற வேண்டும். நான் நோட்டில் இருந்த வரிகளை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போய் அடித்தேன். பிங் கொடுத்தால் பதில் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, போகிற வழியை எழுதிய நான் திரும்பி வருகிற வழியைக் கடைசி ரவுட்டரில் எழுதவே இல்லை. பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது; பதில்தான் வீட்டுக்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது.

அன்று லேப் நோட்டின் பின் அட்டையில் எண்ணிப் பார்த்தேன். மூன்று ரவுட்டருக்குக் கையால் எழுத வேண்டியவை 8 வரிகள். இன்னொரு ரவுட்டரை வரிசையில் சேர்த்தால் 18. நூறு ரவுட்டர் என்றால்? நடுவில் எங்காவது ஒரு கேபிள் அறுந்தால், தூரத்து ரவுட்டரில் நாம் எழுதிய வரிக்கு அது தெரியவா போகிறது? அது பாட்டுக்குப் பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டர்களே கணக்குப் போட்டுத் தங்கள் டேபிளை எழுதிக்கொள்ளவும் ஒரு முறை உண்டு, அதற்குள் இருப்பது டைக்ஸ்ட்ரா கண்ட கணக்கு என்று எங்கள் சார் சொன்னார். நான் அந்தப் பெயரை டிஜ்க்ஸ்ட்ரா என்று வாசித்து வகுப்பே சிரித்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயருக்குள் ஐ, ஜே, கே மூன்றும் வரிசையாக வரும். ஃபார் லூப் எழுதிய யாரும் அதை மறக்க முடியாது.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930 மே 11 அன்று ராட்டர்டாம் நகரில் பிறந்தார். அப்பா வேதியியல் ஆசிரியர், அம்மா கணிதம் கற்றவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1951-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த மூன்று வார புரோகிராமிங் பயிற்சிக்குப் போனார். மறு வருஷமே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் வேலை. இயற்பியலா, புரோகிராமிங்கா என்று சில வருஷம் குழம்பிவிட்டுப் புரோகிராமிங் பக்கமே வந்துவிட்டார். அப்படி ஒரு படிப்பே உலகத்தில் சரியாக உருவாகாத காலம் அது. 1957-ல் ரியா டெபெட்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தபோது, பதிவில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று போடச் சொன்னார். அப்படி ஒரு தொழில் கிடையாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கல்யாணச் சான்றிதழில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றுதான் இருக்கிறது. இதை வாசித்த அன்றே அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

நம் கதைக்கு வேண்டிய சம்பவம் அதற்கு முந்தைய வருஷம், 1956-ல் நடந்தது. கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதிய கம்ப்யூட்டரைத் திறந்து வைக்க இருந்தார்கள். வருகிற விருந்தினர்களுக்குக் கணக்கு தெரியாது. அவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி எது என்பதை எடுத்துக்கொண்டார் டைக்ஸ்ட்ரா. ஒரு நாள் ரியாவோடு கடைத்தெரு சுற்றிவிட்டு, ஒரு காபிக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இருபதே நிமிஷத்தில் அந்த முறை அவர் மனதில் உருவாயிற்று. கையில் பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. விழாவுக்கு நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்துப் புரோகிராம் எழுதினார். ஏன் 64? ஓர் ஊரைக் குறிக்க ஆறு பிட் போதும்!

அந்த முறையை நம் ஊர்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, யாரும் பஸ்ஸில் அளந்து பார்க்க வேண்டாம். கண்டனூரிலிருந்து புதுவயல் 2, பள்ளத்தூர் 4, ரோடு வெட்டிப் போட்டிருப்பதால் காரைக்குடி நேராகப் போனால் 9. பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் 2, கோட்டையூரிலிருந்து காரைக்குடி 2. கையில் இருப்பதில் மிகச் சிறியது புதுவயல் 2. அதை முடிவு செய்துவிடு, அதற்கு மேல் அங்கிருந்து வழியில்லை. அடுத்துச் சிறியது பள்ளத்தூர் 4. அதையும் முடிவு செய். அங்கிருந்து கோட்டையூர் 6 ஆகிறது. அதையும் முடித்தால் காரைக்குடி 8. முன்னால் எழுதிய 9-ஐ அடித்துவிட்டு 8 போடு. முடிந்த ஊரைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. முறையின் உயிரே அங்கேதான். இப்போது கண்டனூர் ரவுட்டரின் டேபிளில் காரைக்குடிக்கு நேரே எழுதப்போவது ஒன்றே ஒன்று: அடுத்த இடம் பள்ளத்தூர். முழு வழியும் அங்கே எழுதப்படுவதில்லை.

இதை வீட்டில் சாக்பீஸால் தரையில் போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். மூன்றாம் வகுப்பு படித்தவர். இதில் என்ன இருக்கிறது, முக்குக்கு வந்தால் எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரிந்தால் போதாதா என்கிற மாதிரி பார்த்தார். லேபில் எனக்கு விளங்காதது அவருக்கு ஸ்டீயரிங் பிடித்தே விளங்கியிருந்தது.

1959-ல் மூன்றே பக்கத்தில் இந்த முறையை அச்சிட்டார் டைக்ஸ்ட்ரா. கூடவே இன்னொரு கணக்கும் இருந்தது: எக்ஸ்-1 என்ற கம்ப்யூட்டரின் பின்பலகையில் எல்லா முனைகளையும் மிகக் குறைந்த செம்புக் கம்பியால் இணைப்பது எப்படி என்று. 1962-ல் ஐந்தோவன் நகரில் பேராசிரியர் ஆனார். கோ டூ கட்டளை கெடுதல் என்று 1968-ல் அவர் எழுதிய கடிதம் பெரிய சண்டையைக் கிளப்பியது. 1972-ல் டூரிங் விருது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவில், ஆஸ்டின் நகர டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

வியப்பு என்னவென்றால், இத்தனை பெரிய மனிதர் கம்ப்யூட்டரை அதிகம் தொடவில்லை. மை ஊற்றும் பேனாவால் முத்து முத்தாகக் கையால் எழுதுவார். ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் பிரதி எடுத்து அடுத்தவர்களுக்கு அனுப்புவார்கள். இப்படி 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகள், எல்லாவற்றுக்கும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளோடு வரிசை எண். வீட்டில் டிவி கிடையாது.

அவருடைய கணக்கு 1979-ல் அர்ப்பாநெட்டின் ரவுட்டிங்கில் ஏறியது. 1989-ல் முதல் முறை வெளிவந்த ஓ.எஸ்.பி.எஃப். முறைக்குள்ளும் அதுவே ஓடுகிறது. கேபிள் அறுந்தால் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, மறுபடி கணக்குப் போட்டு, டேபிளைத் தாங்களே மாற்றி எழுதிக்கொள்கின்றன. டைக்ஸ்ட்ரா 2002 ஆகஸ்ட் 6 அன்று, நெதர்லாந்தின் நூனன் ஊரிலுள்ள தம் வீட்டில் புற்றுநோயால் காலமானார். நான் அப்போது பிறக்கவே இல்லை.

மாதிரித் தேர்வில் மறுபடியும் அதே மூன்று ரவுட்டர்கள் வந்தன. கீபோர்டைத் தொடும் முன் பேப்பரில் படம் போட்டு, போகிற வழி, வருகிற வழி என்று எட்டு வரியையும் பென்சிலால் எழுதிக்கொண்டேன். முதல் பிங்கிலேயே பதில் வந்தது. அரியர் இரண்டும் முடிந்துவிட்டன. சித்தப்பா இப்போது பொங்கலுக்கு மட்டும் போன் செய்கிறார்.

பேரன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால், வயரு வேலை என்று அப்பத்தா சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் திருத்தவில்லை.